குன்னூரிலிருந்து வந்த ஆராய்ச்சிக் கூடம்

ஹைதராபாத்தில் வாழும் தமிழன்பர்கள், ஊரிலிருந்து வரும் உறவினரைச் சார்மினாருக்கும் கோல்கொண்டாக் கோட்டைக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். தார்நாகாவில், உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தை அடுத்து நிற்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை எவரும் காட்டுவதில்லை. காட்டுவதற்கு அங்கே கோபுரமும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஆயினும் அந்த நிலையம் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து புறப்பட்டு இந்நகரில் வந்து குடியேறியது. நீலகிரியில், குன்னூரில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, 1958-ஆம் ஆண்டில் அது ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரால் வழங்கி வருகிறது.

மருத்துவரும், இரசாயன அறிஞரும், தாதியும், சமூகப் பணியாளரும் ஒரே கேள்வியின் முன் கூடி அமர்வது எளிதன்று. அவரவர் கல்வி வேறு. அவரவர் மேலதிகாரி வேறு. அவர்கள் கூடியபோது என்ன விளைந்தது, கூடாதபோது எது தடைப்பட்டது என்பதை இந்த நிலையத்தின் வரலாற்றைக் கொண்டு பார்க்கலாம் என்று கருதுகிறோம்.

1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர், குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் அறை ஒன்றில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். (உஸ்மானியாப் பல்கலைக் கழகம் தோன்றியதும் அதே 1918-இல்தான்.) பெரிபெரி, தீட்டிய பச்சரிசியை உண்போரைப் பற்றும் நோய். தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுவதே அதன் காரணம். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அது மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகள் பெரிதும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் இதனை அறிந்து அவித்தார்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவித்தார்கள்.

சிக்கனத்தின் பெயரால் இடையில் ஒருமுறை நின்ற அவ்வாராய்ச்சி, 1925-இல் மீண்டும் தொடங்கி, 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக உருப்பெற்றது. மக்காரிசன் அக்காலத்தில் நடத்திய எலிச் சோதனை புகழ் பெற்றது. சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளிகள், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவுகளை ஏழு கூட்டம் எலிகளுக்குத் தனித்தனியே அளித்து நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கிய எலி சராசரி 235 கிராம் இருந்தது. கடைசியில் நின்றது நம் எலி: 155 கிராம். தில்லியிலும் லூதியானாவிலும் வாழும் நேயர்கள் இதனைப் படித்துச் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். கூண்டிலுள்ள எலிக்குக் கொடுத்ததை அது தின்கிறது. மனிதர் வீட்டிலோ, எது கிடைக்கிறது, யார் முதலில் உண்கிறார், யார் கடைசியில் சட்டியை வழிக்கிறார் என்னும் வினாக்கள் எல்லாம் உண்டு. அவற்றுக்கு விடை எலிக்கூண்டில் இல்லை.

இதனை உணர்ந்தவர் மக்காரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற ஏக்ராய்ட். அவர் காலத்தில் கூடத்தின் பணியாளர் வீடுகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் சென்று உணவை அளக்கத் தொடங்கினர். இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை 1937-இல் வெளிவந்தது. இன்றும் ஒரு பிடி கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து என்று யாரேனும் சொன்னால், அந்தக் கணக்கின் வழிமுறை பெரும்பாலும் குன்னூர் வரை சென்று முடியும்.

சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன் இதன் பின்னர் வருகிறார். சென்னையில் மருத்துவம் பயின்று, லண்டனில் மேற்பட்டம் பெற்றுக் குன்னூர்க் கூடத்தில் சேர்ந்தவர். அங்கே அவரும் பிறரும் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று, உடல் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமின்றிக் குழந்தைகள் வாடும் நோய். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில் இதனைக் கண்டு, 1935-இல் அந்நாட்டுப் பெயராலேயே குவாஷியார்க்கர் என்று குறித்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அந்தச் சொல்லின் கருத்து. தமிழருக்கு இதில் விளக்கம் வேண்டுவதில்லை. சவலைப் பிள்ளை என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. இரு கண்டங்களின் தாய்மார், மருத்துவருக்கு நெடுங்காலம் முன்பே, நோயின் பெயரிலேயே அதன் குடும்பக் காரணத்தையும் வைத்திருந்தார்கள்.

குன்னூரில் குளிர்ந்த காற்று உண்டு; நோயாளர் கூட்டம் இல்லை. பெரிய பொது மருத்துவமனையும் பல்கலைக் கழகமும் அருகில் இல்லாத மலையூரில் இருந்துகொண்டு நாட்டின் பசியை ஆராய்வதற்கு ஓர் எல்லை உண்டு. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவாகி ஹைதராபாத் அதன் தலைநகராயிற்று. பட்வர்தன் இயக்குநராக இருந்த காலத்தில், 1958-இல், கூடம் அந்நகருக்கு மாறியது. 1960-இல் கோபாலன் இயக்குநரானார். 1974 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

வந்த சில ஆண்டுகளுக்குள் அவர்கள் எதிர்கொண்ட நோய் பெல்லாக்ரா. சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட தக்காண ஏழை மக்களிடம் அது காணப்பட்டது. வெயில் படும் கழுத்திலும் கைகளிலும் தோல் கறுத்து வெடிக்கும், வயிற்றுப்போக்கு உண்டாகும், முற்றினால் அறிவு பேதலிக்கும். ஒரே நோய் மூன்று வாயில்களில் நோயாளரைக் கொண்டுபோய் நிறுத்தியது. தோலைக் காட்ட வந்தவர் தோல் மருத்துவரிடமும், வயிற்றைக் காட்ட வந்தவர் பொது மருத்துவரிடமும், பிதற்றியவர் மனநோய் மருத்துவமனையிலும் சேர்ந்தனர். மூன்று இடங்களிலும் மூன்று ஏடுகள் எழுதப்படும். மூவரும் உண்டது ஒரே ரொட்டி என்பது எந்த ஏட்டிலும் இராது, யாரேனும் அவர்களது அடுப்படியைக் கேட்டறிந்தாலன்றி.

அமெரிக்கா இதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இந்நோயைக் கண்டது. அங்கே தென் மாநிலங்களில் மக்காச்சோளம் உண்ட ஏழைகளிடையே பெல்லாக்ரா பரவியபோது, அது தொற்று நோய் என்றே பலர் நம்பினர். ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர், எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் என்னும் பொருளாதார அறிஞரைத் துணைக்கொண்டு, தென் கரோலினாவின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களில் 1916-இல் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். குடும்ப வருமானம் உயர உயர நோய் குறைவதை அவர்கள் கண்டனர். ஒரு மருத்துவரும் ஒரு பொருளாதார அறிஞரும் சேர்ந்து ஒரு நோயைத் துலக்கியதற்கு இதனினும் தெளிவான சான்றை நாம் அறியோம்.

ஹைதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ஒரு புதிய விளக்கத்தை வெளியிட்டனர். சோளத்தில் நியாசின் அவ்வளவு குறைவாக இல்லை. ஆனால் லூசின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. அம்மிகுதி, உடல் நியாசினைச் செய்துகொள்வதையும் பயன்படுத்துவதையும் கெடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. பிற ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இதனை ஒருமுகமாக ஏற்கவில்லை. விவாதம் பல்லாண்டு தொடர்ந்தது. இதற்கிடையே சோளம் உண்டவர் வீடுகளில் அரிசி புகுந்தது. 1983 முதல் ஆந்திரப் பிரதேசத்தில் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுக்கப்பட்டது. உணவு பலவகைப்பட்டதும் நோய் அரிதானதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆய்வுக்கூடம் வழக்காடிக் கொண்டிருந்த நோயை நியாயவிலைக் கடையும் ஒரு பங்கு தீர்த்தது எனலாம்.

இனி, இந்த நிலையம் உலகோடு மாறுபட்டு நின்ற வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960-களில் உலகெங்கும் புரதத்தைப் பற்றிய அச்சம் நிலவியது. ஏழை நாடுகளின் குழந்தைகளுக்குக் குறைவது புரதமே என்று வல்லுநர் பலர் உறுதியாகக் கூறினர். 1968-இல் ஐக்கிய நாடுகள் அவை, நெருங்கி வரும் புரத நெருக்கடியைத் தவிர்க்க வேண்டும் என்று அறிக்கையே வெளியிட்டது. மீனிலிருந்து புரத மாவு எடுக்கலாம், பெட்ரோலியத்தில் நுண்ணுயிர் வளர்த்துப் புரதம் எடுக்கலாம் என்றெல்லாம் திட்டங்கள் எழுந்தன. படுக்கையில் கிடக்கும் வீங்கிய குழந்தையை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு இந்த முடிவு இயல்பாகவே தோன்றும். இரத்தத்தைச் சோதிக்கும் இரசாயனிக்கும் அப்படியே. அங்கே புரதம் குறைவாகத்தானே இருக்கிறது!

ஆனால் ஹைதராபாத் நிலையத்தினர் கையில் வேறொரு கணக்கும் இருந்தது. அது கிராமத்து வீடுகளில் எடுத்த கணக்கு. அந்த வேலையின் தன்மையை நேயர்கள் அறிய வேண்டும். கணக்கெடுப்பவர் சமையலுக்கு முன்பே வீட்டுக்குச் செல்ல வேண்டும். உலையில் இடப்போகும் அரிசியையும் பருப்பையும் நிறுக்க வேண்டும். சமைத்த பின் சோறும் குழம்பும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். யார் யார் எவ்வளவு உண்டனர் என்று குறிக்க வேண்டும். மற்றொரு முறையில், முன்னாள் உண்டதை நினைவிலிருந்து கேட்டு, அளவு குறித்த கிண்ணங்களைக் காட்டி, ‘இந்தக் கிண்ணத்துக்கா, அந்தக் கிண்ணத்துக்கா?’ என்று வினவி எழுதுவர். வீட்டில் அரிசி இல்லாத நாளில் அந்நியர் ஒருவர் தராசோடு வந்து நிற்பது எந்தக் குடும்பத் தலைவிக்கும் உவப்பானதன்று. ஆகவே அவளோடு பேசத் தெரிந்தவர் வேண்டும். அந்தத் திறமை மருத்துவப் படிப்பில் கற்பிக்கப்படுவதில்லை. இரசாயனத்தில் அறவே இல்லை.

இக்கணக்குகள் சொன்னது என்ன? ஏழைக் குழந்தையின் உணவில் முதற்குறை, உணவின் அளவிலேயே இருந்தது. அது வழக்கமாக உண்ணும் சோற்றையும் பருப்பையுமே வயிறு நிரம்ப உண்டால், பெரும்பாலும் புரதத் தேவையும் உடன் நிறைவேறிவிடும். போதிய கலோரி இல்லாத உடல், கிடைக்கும் புரதத்தையும் அடுப்புக்கு விறகாகவே எரித்துவிடுகிறது. அதோடு, உடல் வீங்கும் நோய்க்கும் வற்றி உலரும் நோய்க்கும் ஆளான குழந்தைகளின் முந்தைய உணவுகளிடையே புரத விகிதத்தில் வேறுபாடு தென்படவில்லை என்று 1968-இல் கோபாலன் எழுதினார்.

பிறகு அதனைச் சோதித்தும் பார்த்தனர். கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்த ஓர் இனிப்புப் பண்டம். அதில் சுமார் 310 கலோரி, புரதமோ 3 கிராம் மட்டுமே. அதனைப் பள்ளி செல்லும் வயதை எட்டாத கிராமக் குழந்தைகளுக்கு 14 மாதங்கள் கொடுத்தனர். பண்டம் பெற்ற குழந்தைகள் பெறாத குழந்தைகளைவிட உயரத்திலும் எடையிலும் கூடுதலாக வளர்ந்தனர். முடிவு 1973-இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு டொனால்ட் மக்லாரன் என்னும் மருத்துவ அறிஞர், உலகத்தின் புரதத் திட்டங்களையே பெருந்தோல்வி என்று வருணித்து எழுதினார். மீன் மாவை வாங்க வழியில்லாத நாட்டில், அடுப்படியில் தராசோடு அமர்ந்தவரின் ஏடு எவ்வளவு பெரிய செலவைத் தடுத்தது என்று எண்ணிப் பாருங்கள்.

உயிர்ச்சத்து ‘ஏ’ பற்றிய பணி இதே வகையைச் சேர்ந்தது, சுருக்கமாகச் சொல்வோம். அச்சத்தின் குறைவால் குழந்தைகள் மாலைக்கண் கொண்டு, முடிவில் பார்வையிழந்தனர். அதிக அளவு மருந்தை ஒரே முறையில் வாய்வழி கொடுத்தால் ஈரல் அதனைப் பல மாதங்களுக்குச் சேமித்து வைக்கும் என்பது இரசாயனியின் அறிவு. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது கிராமத்தில் செய்த சோதனையின் விளைவு. 1970-இல் நாடு தழுவிய திட்டமாயிற்று: ஒன்று முதல் ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 2 லட்சம் அலகு. வீடு வீடாகச் சென்று அதனைக் கரண்டியில் ஊற்றியவர் கிராமத் துணைத் தாதி.

இந்நாட்டில் ‘ஒருங்கிணைப்பு’ என்னும் சொல்லுக்கு என்றும் பஞ்சமில்லை. மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு அது நாள்தோறும் வந்து போகும் விருந்தாளி. எந்தக் கோப்பைப் பிரித்தாலும் அச்சொல் இருக்கும். யார், யாரோடு, எந்த நாளில் என்பது மட்டும் இராது. தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. கூடிப் பேசிக் கலைவதற்கும் குழு என்கிறோம். கூடி வேலை செய்வதற்கும் குழு என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஹைதராபாத்தில் நிகழ்ந்தது இரண்டாவது வகை.

அந்த வகை கிராம அளவில் எவ்வளவு கடினம் என்பதை 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் காட்டியது. அவ்வாண்டு காந்தி பிறந்த நாளன்று 33 வட்டாரங்களில் அது தொடங்கப்பெற்றது. உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், பள்ளி முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு அறிவுரை ஆகிய ஆறு பணிகளும் அங்கன்வாடி என்னும் ஒரே கூரையின்கீழ் நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. சிறந்த எண்ணம். ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் சமூக நலத் துறையைச் சார்ந்தவர். ஊசி போட வரும் தாதி சுகாதாரத் துறையைச் சார்ந்தவர். சம்பளம் வரும் வழி வேறு, பதிவேடு வேறு, கண்காணிப்பவர் வேறு. குழந்தையின் எடை குறைவதை ஒருவர் எழுதுகிறார். காய்ச்சலை மற்றொருவர் எழுதுகிறார். எடை குறைந்தது காய்ச்சலால்தான் என்பதை எழுத வேண்டியவர் யார்? பிற்காலத்தில், தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ், இருவரும் ஒரே இடத்தில் கூடுவதற்கென மாதத்தில் ஒருநாள் குறிக்கப்பட்டது. அந்தத் தேதி பல சுற்றறிக்கைகளைவிட மிகுந்த வேலையைச் செய்தது என்பது நம் எண்ணம்.

தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் இச்சிக்கலை வேறுவிதமாக அணுகியது. ஊர்ப் பெண் ஒருவர், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுப்பார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறித்த காலம் சத்துணவு; அப்படியும் தேறாவிடில் தாதியிடமோ மருத்துவரிடமோ அனுப்புதல். எடைக் கோடு எழுதிய அட்டை ஒன்றே பணியாளரும் தாதியும் தாயும் சேர்ந்து படிக்கும் ஏடாயிற்று.

கூடிப் பணி செய்வோர் முதலில் கூடிக் கற்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 1988-இல் வெளியிட்ட அறிக்கையின் கருத்து. 2010-இல் அதற்கென ஒரு செயல்நெறி வரைவையும் அது வெளியிட்டது. இந்தியாவில் இதன் வித்து முன்பே ஊன்றப்பட்டது. ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் உறுப்பினராக இருந்த போர் குழு, மருத்துவ மாணவர் தடுப்பு மருத்துவத்திலும் சமூக மருத்துவத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்று 1946-இலேயே கூறியிருந்தது. ஆயினும் மருத்துவக் கல்லூரியின் சுவர் ஒருபுறமும் சமூகப்பணிக் கல்லூரியின் சுவர் மறுபுறமுமாகவே நெடுநாள் இருந்து வந்தன.

அச்சுவர்களுக்கு வெளியே ஒரு வகுப்பறைபோல் இயங்கியது, 1972-இல் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம். தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. ஒவ்வொரு கிளையிலும் மருத்துவர் ஒருவர், ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர் என ஒரே குழுவாக ஊர்களுக்குச் சென்றனர். கண்ணின் வெண்புள்ளியும் வாயோரப் புண்ணும் ஒருவர் கண்ணில் பட்டன. பானையிலுள்ளதும் தட்டில் விழுந்ததும் மற்றவர் கணக்கில் ஏறின. நிலம், கூலி, குடும்பத்தில் எத்தனை பேர் என்பன அதே ஏட்டில் பக்கத்துப் பத்தியில் இடம்பெற்றன. இந்த முறையில் எடுத்த ஆண்டு வரிசைக் கணக்குகளே, நாட்டில் கடுமையான ஊட்டக் குறைவு நோய்கள் குறைந்து வந்ததையும், எடைக்குறைவு அவ்வளவு விரைவில் குறையாததையும் ஒருங்கே காட்டின.

அப்பணியகம் 2015-இல் மூடப்பட்டது. கோபாலன் அதனையும் கண்டார். 2019 அக்டோபரில், நூறு வயதைக் கடந்த நிலையில், சென்னையில் காலமானார். நாடளாவிய வேறு கணக்கெடுப்புகள் இன்று பெரிய அளவில் நடைபெறுகின்றன; குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் குருதியையும் அவை அளக்கின்றன. மருத்துவரும் சமூகப் பணியாளரும் ஒரே வண்டியில் இறங்கி ஒரே வீட்டின் அடுப்பருகே அமர்ந்த அந்தச் சிறு குழுக்களை மீண்டும் ஏற்படுத்துவது பெருஞ்செலவன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.